பாய்லர் பற்ற மாட்டேன் என்கிறது, திரையில் எரர் கோடு மின்னுகிறது. எதுவரை நாமே பார்க்கலாம்?

நடுங்கும்கிளி | இரவு 8.50

சமையலறை அலமாரிக்குள் இருக்கிற கேஸ் பாய்லர், வெந்நீரும் வீட்டுச் சூடும் இதிலிருந்துதான். நேற்றிரவு வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிற தண்ணீர், ரேடியேட்டர் எல்லாம் ஜில்லென்று கிடக்கின்றன, பாய்லர் திரையில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னுகிறது. கூட வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்தக் கோடுக்கு நேராகப் "பற்றவைப்பு தோல்வி" என்று இரண்டே சொல், அவ்வளவுதான். ரீசெட் அழுத்தினால் முதலில் ஃபேன் சுற்றுகிறது, அப்புறம் டிக் டிக் டிக், பிறகு உள்ளே யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம், மறுபடி அதே கோடு. எட்டு முறையாவது அழுத்தியிருப்பேன். டெக்னீஷியன் நாளை மதியம்தான் வருவாராம். வீட்டில் மாமியாரும் இரண்டு வயதுப் பையனும் இருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் ஒருவர் எலக்ட்ரோடு (உள்ளே ஸ்பார்க் அடிக்கிற கம்பி) என்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் இயக்குகிற மின்பலகை, அதாவது போர்டே போய்விட்டது, புது பாய்லர் வாங்கு என்கிறார். யாராவது நிதானமாகச் சொல்லுங்களேன்.

கைவைத்தியன் | இரவு 9.02

எலக்ட்ரோடுதான், சந்தேகமே இல்லை. முன்மூடியில் நான்கு ஸ்க்ரூ இருக்கும், கழற்றுங்கள், உப்புத்தாளால் எலக்ட்ரோடு முனையை லேசாகத் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். இருபது நிமிட வேலை. போன வருடம் நானே செய்தேன், இன்றுவரை ஓடுகிறது.

நீலச்சுடர் | இரவு 9.20

கிளி, அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். நான் பாய்லர் வேலை பார்க்கிறவன், உரிமம் உண்டு, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இப்போது வருகிற பாய்லர்களில் பெரும்பாலானவை அறைக் காற்றைத் தொடுவதில்லை. வெளியிலிருந்து காற்றை இழுத்து, எரித்து, புகையை வெளியிலேயே தள்ளிவிடுகின்றன. நிறைய மாடல்களில் முன்மூடி என்பது அழகுக்கு மாட்டிய தகரம் இல்லை. அதன் ஓரத்தில் ஓடுகிற ரப்பர் சீல்தான் எரிகிற இடத்தையும் உங்கள் சமையலறையையும் பிரித்து வைக்கிறது. கழற்றி மாட்டும்போது அது ஓரிடத்தில் மடங்கினாலும் புகைவாயு உள்ளே வரலாம். அதில் இருக்கக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. அதனால் கணக்கு சுலபம்: மூடிக்கு வெளியே இருப்பதை நீங்கள் பார்க்கலாம், உள்ளே இருப்பது எங்கள் வேலை. கைவைத்தியன், கோபிக்காதீர்கள், உங்கள் பாய்லரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

அடுத்து, அந்தக் கோடு என்ன சொல்கிறது என்பது. நிறையப் பேர் அதை நோயின் பெயர் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாய்லர் எந்தப் படியில் நின்றுபோனது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. சூடு கேட்டதும் ஃபேன் சுற்றிப் பாய்லருக்குள் எரிகிற இடத்தில் மிச்சமிருக்கிற வாயுவை வெளியே தள்ளும். காற்று ஓட்டம் சரி என்று தெரிந்த பிறகுதான் கேஸ் வால்வு திறக்கும், ஸ்பார்க் அடிக்கும். அதுதான் உங்களுக்குக் கேட்கிற டிக் டிக். அப்புறம் எலக்ட்ரோடு தீ இருக்கிறதா என்று பார்க்கும். எப்படி என்றால், தீ கொஞ்சம் மின்சாரத்தைக் கடத்தும், அதுவும் ஒரே திசையில். போர்டு அந்த ஒருசில மைக்ரோஆம்பியரைத் தேடுகிறது. கிடைக்காவிட்டால் சில விநாடிகளில் வால்வை மூடிவிடும். சில முறை முயன்று பார்த்துவிட்டு லாக் ஆகிவிடும்.

ஆக "பற்றவில்லை" என்ற ஒரே கோடுக்குப் பின்னால் கேஸே வரவில்லை என்பதும் இருக்கலாம், ஸ்பார்க் அடிக்கவில்லை என்பதும் இருக்கலாம், தீ பற்றியும் எலக்ட்ரோடுக்குத் தெரியவில்லை என்பதும் இருக்கலாம், கழிவுத் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே தேங்கியதாகவும் இருக்கலாம். கோடைப் பார்த்தே போர்டை மாற்றச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

ரீசெட் இனி வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் எரியாத கேஸ் உள்ளே போகிறது. ஃபேன் அதைத் தள்ளிவிடும்தான், ஆனால் திரும்பத் திரும்பப் பூட்டிக்கொள்கிற கருவியை விடாமல் தட்டியெழுப்புவது நல்லதில்லை. காரணம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு ஒரு முறை, வேண்டுமானால் சில நிமிடம் விட்டு இன்னொரு முறை. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது பதில் சொல்லுங்கள். கேஸ் வாசனை வருகிறதா? கேஸ் அடுப்பு இருந்தால் அது எரிகிறதா? பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறது? நேற்றிரவு வெளியே உறைகிற குளிரா? பாய்லரிலிருந்து வெளிச்சுவரைத் தாண்டிப் போகிற பிளாஸ்டிக் பைப் ஏதாவது உண்டா?

பாதித்தூக்கம் | இரவு 9.31

வாசனை பற்றிய கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும். கிளி, வாசனை லேசாக வந்தால்கூட லைட் சுவிட்சைப் போடாதீர்கள், எரிகிற லைட்டை அணைக்கவும் செய்யாதீர்கள். ஜன்னலைத் திற, மீட்டர் பக்கத்து வால்வை மூடு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வா, அப்புறம்தான் போன். கேஸ் அவசர எண்ணுக்கு வெளியே நின்று பேசுங்கள். இந்த இழையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நீலச்சுடர் | இரவு 9.34

சரியாகச் சொன்னீர்கள், நான்தான் வகுப்பெடுக்கப் போய்விட்டேன். குழாய் கேஸில் பெரும்பகுதி மீத்தேன், காற்றில் அது சுமார் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் பற்றும். மூக்கில் ஏறுகிற அந்தக் கெட்ட வாசனை கேஸின் சொந்த வாசனை இல்லை, கசிவு தெரியட்டும் என்று வேண்டுமென்றே சேர்ப்பது. அந்த 5 சதவீதத்துக்கு ரொம்பக் கீழே இருக்கும்போதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அளவு வைத்துச் சேர்க்கிறார்கள். அதனால் லேசாக வந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

நடுங்கும்கிளி | இரவு 9.48

வாசனை துளியும் இல்லை, மாமியாரையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அடுப்பு நான்கு பர்னரும் நீலமாக எரிகிறது. கேஜ் முள் 1.2ல் நிற்கிறது. நேற்றிரவு மைனஸ் 7. பாய்லருக்கு அடியிலிருந்து வெள்ளை பிளாஸ்டிக் பைப் ஒன்று சுவரைத் துளைத்து வெளியே போய்த் தரையோரமாக ஓடுகிறது. இத்தனை நாள் அது எதற்கென்றே எனக்குத் தெரியாது.

நீலச்சுடர் | இரவு 9.55

அடுப்பு எரிகிறதென்றால் வீட்டுக்குக் கேஸ் வருகிறது. 1.2 பார் என்றால் தண்ணீர் அழுத்தமும் சரி. வாய் கொப்பளிக்கிற சத்தமும் மைனஸ் 7ம் சேர்ந்து வந்தால் என் பணத்தை நான் அந்த வெள்ளை பைப் மேல்தான் கட்டுவேன்.

உங்களுடையது கண்டென்சிங் பாய்லர். கேஸ் எரியும்போது தண்ணீர் ஆவி உண்டாகிறது. பழைய பாய்லர்கள் அதைப் புகையோடு விட்டுவிடும். இவை அந்த ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்கி, அதில் இருக்கிற சூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. அந்தத் தண்ணீர் மணிக்கு இரண்டு லிட்டர் வரைகூடச் சேரும், லேசான அமிலம், வெளியேற வழி வேண்டும். வெள்ளை பைப் அதற்குத்தான். கொஞ்சம் கொஞ்சமாகச் சொட்டிக்கொண்டு போவதால் குளிரில் உறைந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் பின்னால் ஏறி உள்ளே நிற்கும். தீ எப்படிப் பற்றும்?

இது மூடிக்கு வெளியே இருக்கிற வேலை, நீங்களே செய்யலாம். பாய்லரை அணையுங்கள். பைப் வெளியே திரும்புகிற முனைகளையும் தொங்கலாக இருக்கிற இடத்தையும் தடவிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் கட்டியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கை பொறுக்கிற சூடுதான், மெல்ல ஊற்றுங்கள். அல்லது சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றி அதன்மேல் வையுங்கள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், பிளாஸ்டிக் விரிசல் விடும், உங்கள் கையும் வேகும். நெருப்பு காட்டவே கூடாது. ஊற்றிய தண்ணீர் தரையில் உறைந்து வழுக்கும், அதன்மேல் உப்போ மணலோ தூவுங்கள். பைப் கைக்கு எட்டாத உயரத்தில் போகிறதென்றால் இரவில் ஏணி போடாதீர்கள், நாளை டெக்னீஷியன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒருபார் | இரவு 10.04

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கோடு வருகிறது, ஆனால் அது தண்ணீர் அழுத்தக் கோடு. ஞாயிறுதோறும் கேஜ் 0.4க்கு இறங்கிவிடுகிறது. பாய்லருக்கு அடியில் இருக்கிற பின்னல் ஹோஸின் வால்வைத் திறந்து 1.5 வரை ஏற்றுகிறேன், ஒரு வாரம் ஓடுகிறது. மூன்று மாதமாக இதே கதை. இது பரவாயில்லைதானே?

நீலச்சுடர் | இரவு 10.15

வருடத்துக்கு ஓரிரு முறை ஏற்றினால் பரவாயில்லை. வாரம் ஒரு முறை என்றால் தண்ணீர் எங்கேயோ போகிறது என்று அர்த்தம். நீங்கள் ஒவ்வொரு முறையும் விடுவது புதுத் தண்ணீர், அதில் ஆக்சிஜன் இருக்கிறது, அது ரேடியேட்டரை உள்ளேயிருந்து துருப்பிடிக்க வைக்கும். ரேடியேட்டரின் அடிப்பாகம் மட்டும் சூடேறாமல் இருந்தால் கறுப்புச் சேறு சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

ஒன்று கவனியுங்கள். பாய்லர் சூடாக ஓடும்போது கேஜ் எங்கே போகிறது? குளிர்ந்திருக்கும்போது 1லிருந்து 1.5க்குள் இருப்பது, சூடானால் இரண்டுக்கு முன்பின் போகலாம். மூன்றைத் தொட்டால் எக்ஸ்பேன்ஷன் வெசலில் காற்று போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம். சூட்டில் விரிகிற தண்ணீருக்கு இடம் கொடுக்கிற தகரக் குடுவை அது. இடமில்லாவிட்டால் 3 பாரில் சேஃப்டி வால்வு திறந்து தண்ணீரை வெளியே துப்பிவிடும், ஆறியதும் முள் சரேலென்று இறங்கும். வெளிச்சுவரில் கீழ்நோக்கி வளைந்த ஒரு செம்புக் குழாய் தெரியும். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவிட்டுக் காலையில் பாருங்கள். இறுக்கிக் கட்டி அடைத்துவிடாதீர்கள், அது உயிர் காக்கிற வழி, சில சமயம் வெந்நீர் வரும். பையில் தண்ணீர் இருந்தால் குற்றவாளி அகப்பட்டான். இல்லாவிட்டால் ரேடியேட்டர் வால்வுகளுக்கு அடியில் டிஷ்யூ தாளை வைத்து ஈரம் தேடுங்கள்.

அப்புறம், ஏற்றி முடித்ததும் ஹோஸின் இரண்டு முனை வால்வையும் மூடுகிறீர்களா?

ஒருபார் | இரவு 10.19

ஒன்றைத்தான் மூடுகிறேன்... இரண்டா இருக்கிறது?

கைவைத்தியன் | இரவு 10.22

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். ஆனால் கேட்கிறேன், கோடுகளை மனப்பாடம் செய்தால் பாதி வேலை முடிந்ததுதானே? எஃப்28 என்றால் பற்றவில்லை, ஊரறிந்த விஷயம்.

நீலச்சுடர் | இரவு 10.30

வெய்லன்ட் கம்பெனி பாய்லரில் அப்படி. அதிலேயே எஃப்22 என்றால் தண்ணீர் அழுத்தம் குறைவு. பாக்ஸியின் பல மாடல்களில் அழுத்தத்துக்கு ஈ119, பற்றாததற்கு ஈ133. ஐடியல் லாஜிக்கில் எஃப்1 அழுத்தம், எல்2 தீ. ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் கோடு உங்களுக்கு உதவாது, உங்கள் மாடல் எண்ணுக்கான புத்தகம் மட்டும்தான் உதவும். மாடல் எண் பொதுவாகப் பாய்லரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும், ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோடு மின்னும்போது திரையையும் ஒரு சிறு வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. கிளி எழுதிய அந்த வாய் கொப்பளிக்கிற சத்தம் எனக்கு அந்தக் கோடைவிட அதிகம் சொன்னது.

நடுங்கும்கிளி | இரவு 11.10

பற்றிவிட்டது!!

பைப்பைத் தடவிக்கொண்டே போனேன், சுவரிலிருந்து வெளியே வந்து திரும்புகிற முனைக்கு ஒரு முழம் தள்ளி நடுவில் தொங்கிப்போயிருக்கிறது, அங்கே தட்டினால் மரக்கட்டையைத் தட்டுகிற சத்தம். மாமியாரின் சுடுதண்ணீர்ப் பையைக் கடன் வாங்கி இருபது நிமிடம் வைத்தேன், இரண்டு செம்பு வெதுவெதுப்பான தண்ணீர். திடீரென்று உள்ளே களக்கென்று ஒரு சத்தம், விரல் நீளத்துக்கு ஐஸ் கட்டி ஒன்று முனை வழியாக வந்து விழுந்தது, பின்னாலேயே ஒரு வாளி அளவுக்குத் தண்ணீர். ஒரே ஒரு ரீசெட். ஃபேன், டிக் டிக், அப்புறம் ஹூம் என்று அந்தப் பழைய சத்தம். சின்னக் கண்ணாடித் துவாரத்தில் நீலமாகத் தெரிகிறது.

ஒரு சந்தேகம் மட்டும். ஹாலில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு அலாரம் நிமிடத்துக்கு ஒரு முறை டிங் என்கிறது. மதியத்திலிருந்தே இருக்கிறது, பதற்றத்தில் கவனிக்கவில்லை. பயப்பட வேண்டுமா?

பாதித்தூக்கம் | இரவு 11.14

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு முறை அது நிஜமாகவே அலறியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு டிங் என்றால் பெரும்பாலும் பேட்டரி தீர்கிறது, அல்லது அலாரத்தின் ஆயுள் முடிகிறது. பின்பக்கம் மாற்ற வேண்டிய தேதி போட்டிருக்கும். நிஜ அலாரம் காதைத் துளைக்கிற மாதிரி விடாமலோ, தொடர்ந்து நான்கு நான்காகவோ அடிக்கும். உங்கள் மாடலில் எது எது என்று முன்பக்கத்திலேயே எழுதியிருக்கும், இப்போதே போய்ப் படியுங்கள். படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் பாய்லரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் அலறியபோது எனக்கு இரண்டு நாளாகத் தலைவலி, மகளுக்குக் குமட்டல். சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஜன்னலை இன்னும் இறுக்கிச் சாத்தினோம். காய்ச்சல் மட்டும் இல்லை, அதைத்தான் கவனித்திருக்க வேண்டும். வெளியே போனால் தலைவலி விட்டுவிடும், வீட்டுக்கு வந்தால் திரும்ப வரும்.

நீலச்சுடர் | இரவு 11.25

அலாரம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஐரோப்பியத் தரமான ஈஎன் 50291ன்படி காற்றில் கார்பன் மோனாக்சைடு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) இருந்தால் அது ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், 300 பிபிஎம்மில் மூன்று நிமிடத்துக்குள். அதாவது குறைந்த அளவில் அது உடனே அடிக்காது. அலாரம் சும்மா இருக்கிறது, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி தலைவலி என்றால் தலைவலியை நம்புங்கள்.

கிளி, நாளை வருகிறவரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் பர்னர் வரை ஏறியிருந்ததா என்று அவர் பார்க்க வேண்டும். தொங்குகிற பைப்பையும் காட்டுங்கள்.

பாதித்தூக்கம் | இரவு 11.29

சிலிண்டர் கேஸில் ஓடுகிற வீடுகளுக்கும் ஒரு வரி. குளிரில் பற்றவில்லை என்றால் முதலில் சிலிண்டரைப் பாருங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், புரொப்பேன் மைனஸ் 42 வரை தாங்கும். அந்தக் கேஸ் காற்றைவிட கனம், கசிந்தால் தரையோரமும் நிலவறையிலும் தேங்கும், நின்றபடி மோந்து பார்த்தால் தெரியாது.

நடுங்கும்கிளி | மறுநாள் மாலை 5.40

அலாரம் பேட்டரிதான், மாற்றியாகிவிட்டது. தேதி இன்னும் மூன்று வருடம் இருக்கிறது.

டெக்னீஷியன் வந்தார். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார், எலக்ட்ரோடு சுத்தமாக இருக்கிறது, தேய்க்க ஒன்றுமில்லை என்றார். மூடியை மாட்டும்போது சீல் முழுக்க விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனதை நான் பக்கத்தில் நின்று கவனித்தேன். அப்புறம் புகைக்குழாயில் ஒரு மெல்லிய குழாயைச் செருகி எண்களைப் பார்த்தார், சரி என்றார். நிஜமான குற்றவாளி வெளியே இருந்த பைப். உள்ளே போகிற அதே 21.5 மில்லிமீட்டர் பைப்பையே வெளியிலும் ஓட்டியிருக்கிறார்கள், இறக்கமும் இல்லை. வெளியே 32 மில்லிமீட்டர் போட்டு, மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் இறக்கம் வைத்து, தண்ணீர் புகாத உறை சுற்றிவிட்டுப் போனார்.

ஒருபார் | மறுநாள் மாலை 6.15

பையில் அரை டம்ளர் தண்ணீர். சூடானபோது கேஜ் 2.9. எக்ஸ்பேன்ஷன் வெசல்தான் போலிருக்கிறது, ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது வால்வையும் கண்டுபிடித்துவிட்டேன், பாதி திறந்தே கிடந்தது.

கைவைத்தியன் | நான்கு நாள் கழித்து

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கிளி எழுதிய அந்தச் சீல் விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கீழ்ப்பக்க மூலையில் சீல் உள்ளே மடங்கியிருந்தது, ஒரு வயரும் நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. நான் மாட்டியபோது கடைசி ஸ்க்ரூ கொஞ்சம் அடம்பிடித்தது ஞாபகம் இருக்கிறது, அழுத்தித் திருகிவிட்டேன். அவர் கேஸை மூடிவிட்டு, சீல் வந்து மாட்டும்வரை போடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்று நாளாகக் கெட்டிலில் சுடவைத்துக் குளிக்கிறேன். வீட்டில் அலாரமும் இல்லை, நேற்றுதான் இரண்டு வாங்கினேன்.

என் முதல் பதிவை அழிக்க முடியவில்லை. யாராவது நிர்வாகி பார்த்தால் எடுத்துவிடுங்கள்.

நீலச்சுடர் | நான்கு நாள் கழித்து

எடுக்க வேண்டாம், கீழே இந்தப் பதிவும் சேர்ந்தே இருக்கட்டும். சீல் வந்ததும் புகை அளவையும் எடுத்துத் தரச் சொல்லுங்கள், எண்களை இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.